உறையின் பின்பக்கத்துப் பெயர்கள்: ஜாஸ் இசைத்தட்டுகளைக் கைமாற்றுவது பற்றி

ஜாஸ் இசையைப் பற்றி எம்மவர் மத்தியில் பேச்சு எழும்போதெல்லாம் அது இரண்டில் ஒரு வழியில் போய் நின்றுவிடுகின்றது. ஒன்று, 'கறுப்பின மக்களின் கலகக்குரல்' என்ற ஒரு வரி. மற்றது, பெயர்ப் பட்டியல்: ஆம்ஸ்ட்ரோங், எலிங்டன், பார்க்கர், மைல்ஸ் டேவிஸ், கொல்ட்ரேன். முதலாவதைக் கேட்டவருக்கு ஜாஸ் ஒரு சுலோகமாகவும், இரண்டாவதைக் கேட்டவருக்கு ஒரு பரீட்சைப் பாடமாகவும் தெரிகின்றது. எந்தத் தட்டைப் போடுவது, போட்டால் அதில் எதற்குக் காது கொடுப்பது என்ற விடயம் இரண்டிலும் இல்லை.

ஜாஸில் பித்துப் பிடித்தவர்கள் தமக்குள் இசைத்தட்டுகளைக் கைமாற்றிக்கொள்ளும் விதம் வேறு. எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த ஊர், ட்ரம்ஸில் யார், பேஸில் யார், அன்றைக்கு அந்தப் பாட்டை எத்தனை தடவை வாசித்தார்கள், வெளிவந்தது அவற்றில் எத்தனையாவது என்றெல்லாம் சொல்லித்தான் தட்டைத் தருவார்கள். இரண்டு பேர் சந்தித்தால் ஒரு பின்னேரம் முழுவதும் ஒரு பியானோக்காரரின் பெயரை வைத்தே சண்டை பிடிப்பார்கள். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது முத்திரை சேர்ப்பவனின் கிறுக்குப் போலத் தோன்றும். கிறுக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கிறுக்குக்கு ஒரு வரலாறு உண்டு. யாருடைய பெயர் அச்சில் வரும், யாருடையது வராது என்ற வரலாறு அது. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். கூடவே, நான் நண்பர்களுக்குக் கொடுக்கும் சில தட்டுகளைப் பற்றியும்.

முதலில், திகதி ஏன் முக்கியம் என்பது. நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கடினமல்ல. ஒரே வித்துவான் ஒரே தோடியை இன்றைக்கு வாசித்தது போல நாளைக்கு வாசிக்கமாட்டார். கீர்த்தனை அப்படியே இருக்கும். ஆலாபனையும் கற்பனாஸ்வரமும் அன்றன்றைக்குப் பிறப்பவை. ஜாஸிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ஒரு பாட்டு இருக்கும். அநேகமாக அது எல்லோரும் அறிந்த ஒரு மேடை நாடகப் பாட்டு, அல்லது புளூஸ். மெட்டை ஒருமுறை வாசித்து முடித்ததும், அந்தப் பாட்டின் அடியில் ஓடும் கோர்ட்ஸ் என்கின்ற சுரக்கூட்டுகளின் வரிசை மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றிவரும். அந்தச் சுற்றின் மேல் ஒவ்வொருவராக முன்வந்து புது மெட்டு ஒன்றை அந்த இடத்திலேயே கட்டவேண்டும். எமது சங்கீதத்தில் இராகம் நிலத்தைப் போல அசையாமல் நிற்கின்றது. இங்கே நிலம் ஒவ்வொரு சில கணத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கின்றது. கட்டுபவர் அதற்குத் தக்கதாகக் காலை மாற்றி வைக்கவேண்டும்.

ஆகவே ஜாஸில் பாட்டின் பெயரை மட்டும் சொல்வது முகவரியில் ஊரை மட்டும் எழுதுவது போன்றது. 'பொடி அண்ட் சோல்' என்றொரு காதல் பாட்டு, 1930 இல் வந்தது, எத்தனையோ நூறு பேர் வாசித்திருக்கிறார்கள். ஜாஸ் இரசிகர் அந்தப் பெயரைச் சொன்னால் அநேகமாக ஒரு நாளைத்தான் நினைக்கிறார்: 1939 ஒக்டோபர் 11. ஐந்து வருடங்கள் ஐரோப்பாவில் இருந்துவிட்டு அவ்வருடம் நியூயோர்க் திரும்பியிருந்த கோல்மன் ஹோக்கின்ஸ், தனது ரெனர் சக்ஸபோனை எடுத்து, மெட்டின் தொடக்கத்தை மட்டும் கோடிகாட்டிவிட்டு, மிச்ச நேரம் முழுவதும் அதை விட்டு விலகியே போகிறார். இரண்டு சுற்று, மூன்று நிமிடம். அந்தக் காலத்துத் தட்டில் அவ்வளவுதான் இடம். பாட்டை அறிந்தவர்களே பாட்டைத் தேடவேண்டிய அந்தத் தட்டு அன்றைக்கு மிகப் பிரபலமாக விற்பனையானது என்பது இன்று யோசிக்க ஆச்சரியமானது. இதைக் கொடுக்கும்போது, 1940 இல் பில்லி ஹொலிடே அதே பாட்டைப் பாடிய தட்டையும் சேர்த்தே கொடுப்பேன். முதலில் அவர் பாடியது, பிறகு ஹோக்கின்ஸ். அவர் எந்த வார்த்தையில் பிந்துகிறார் என்று கேட்டபின் ஹோக்கின்ஸைக் கேட்டால், சக்ஸபோன் ஏன் மூச்சு விட்டுப் பேசுவது போல இருக்கின்றது என்பது புரியும்.

ஒரே ஆளின் இரண்டு திகதிகளையும் இப்படிப் பக்கத்தில் வைக்கலாம். ஜோன் கொல்ட்ரேன் 'மை ஃபேவரிற் திங்ஸ்' பாட்டை 1960 ஒக்டோபரில் பதிவுசெய்தார். அதற்கு முதல் வருடம் வந்த இசைநாடகம் ஒன்றின் பாட்டு அது. அதை ஏறக்குறைய 14 நிமிடங்களுக்கு நீட்டி, இரண்டே சுரக்கூட்டுகளின் மேல் ஊஞ்சல் ஆடுவது போல வாசிக்கிறார். அதே பாட்டை 1966 ஜூலையில் ரோக்கியோவில் வாசித்தது ஒரு மணித்தியாலத்தைத் தொடுகின்றது. மெட்டு எப்போதாவது தலைகாட்டிவிட்டுப் போகின்றது. அடுத்த ஜூலையில் அவர் இறந்துவிட்டார், வயது 40. முதலாவதை விரும்பியவர்களில் பலர் இரண்டாவதை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தலாம், தப்பில்லை. ஆனால் 'எனக்குக் கொல்ட்ரேன் பிடிக்கும்' என்று ஒருவர் சொன்னால் எந்த வருடத்துக் கொல்ட்ரேன் என்று கேட்பது ஏன் என்று இதிலிருந்து தெரியும்.

*

திகதிக்கு அடுத்தது பெயர். இங்கேதான் விடயம் இசையை விட்டு வெளியே போகின்றது.

ஜாஸ் என்ற பெயரோடு முதன்முதலில் வெளிவந்த தட்டு 1917 இல் நியூயோர்க்கில் பதிவானது. வாசித்தவர்கள் ஐந்து வெள்ளையர்கள். கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள் 1920 களில் 'ரேஸ் றெக்கோட்ஸ்' என்ற தனிப் பிரிவில் கறுப்பின மக்களுக்கென்றே விற்கப்பட்டன. வாசித்தவர்களுக்கு அநேகமாக ஒரு தடவைக் கூலி. அதற்குப் பிறகு எத்தனை விற்றாலும் பங்கு கிடையாது. தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் கடதாசியில் குழுத் தலைவரின் பெயர் இருக்கும். மற்றவர்கள் இல்லை. 1923 இல் கிங் ஒலிவரின் குழுவில் இரண்டாவது கோர்னெற் வாசித்த இளைஞன் லூயி ஆம்ஸ்ட்ரோங். அவனே 1925 இல் தன் பெயரில் 'ஹொட் ஃபைவ்' குழுவைப் பதிவுசெய்யத் தொடங்கியபோது பியானோவில் இருந்தவர் லில் ஹார்டின். ஒலிவர் குழுவிலும் பியானோ அவர்தான். ஆம்ஸ்ட்ரோங்கின் அன்றைய மனைவி என்று மட்டும் பல நூல்கள் சொல்லிவிட்டுப் போகும் இந்தப் பெண், அந்தக் குழுவுக்குப் பாட்டுகளும் எழுதியவர். தலைமையேற்கும்படி ஆம்ஸ்ட்ரோங்கைத் தள்ளியவரும் அவரே. 1971 ஓகஸ்டில் சிக்காகோவில் ஆம்ஸ்ட்ரோங்கின் நினைவு நிகழ்ச்சியில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தபோதே சரிந்து இறந்தார்.

இந்த அனாமதேயத்துக்கு எதிராக முதலில் வேலைசெய்தவர்கள் பல்கலைக்கழகத்தாரோ இசைத்தட்டுக் கொம்பனிகளோ அல்ல. வெறும் இரசிகர்கள். பாரிஸில் 1930 களின் தொடக்கத்தில் உருவான 'ஹொட் கிளப் டு ஃபிரான்ஸ்' என்ற சங்கத்தில் கூடித் தட்டுப் போட்டுக் கேட்டவர்களில் ஒருவர் சார்ள்ஸ் டெலோனே. ஓவியர்களான ரொபேர், சோனியா டெலோனே தம்பதிகளின் மகன். 1936 இல் அவர் வெளியிட்ட 'ஹொட் டிஸ்கோகிராஃபி' என்ற நூலில் கதையோ விமர்சனமோ இல்லை: தட்டு, திகதி, யார் எந்த வாத்தியம். பாரிஸுக்கு வரும் இசைக்கலைஞர்களிடம் இதில் வாசிப்பது யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும் அந்த வேலையில் அடங்கும். ஜேர்மனிய ஆக்கிரமிப்புக் காலத்திலும் டெலோனே கச்சேரிகளை நடத்தினார். சங்கத்தின் பயணங்களை எதிர்ப்பியக்க வேலைகளுக்கு மறைப்பாகப் பாவித்தார். அவர்களுடைய மேடையின் நட்சத்திரம் ஜாங்கோ ரைன்ஹார்ட் ஒரு ரோமா நாடோடிக் குடும்பத்தவர். அவருடைய இனத்தை நாஜிகள் அப்போது அழித்துக்கொண்டிருந்தார்கள். 1943 இல் சங்கத்தின் அலுவலகம் சோதனையிடப்பட்டு டெலோனேயும் சகாக்களும் கைதானார்கள். அவர் ஒரு மாதமளவில் வெளியே வந்தார். கூட இருந்தவர்களில் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

அத்திலாந்திக்கின் மறுபக்கத்தில் நியூயோர்க் 42 ஆம் தெருவில் மில்ற் கேப்ளர் என்பவர் தகப்பனின் கடையை ஜாஸ் இரசிகர்கள் கூடும் இடமாக மாற்றினார். பெரிய கொம்பனிகள் கைவிட்ட பழைய தட்டுகளை அனுமதி பெற்று மறுபடி அச்சிட்டு விற்றார். அப்படி அச்சிடும்போது வட்டக் கடதாசியில் வாசித்த எல்லோருடைய பெயரையும் போட்டார். இன்று சாதாரணமாகப்படும் இந்தக் காரியம் அன்றைக்கு யாரும் செய்யாதது. இந்தக் கடைக்காரரின் 'கொமடோர்' அடையாளத்தில்தான் 1939 ஏப்பிரலில் பில்லி ஹொலிடேயின் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூற்' பதிவானது. மரங்களில் தூக்கிக் கொல்லப்பட்ட கறுப்பின மக்களைப் பற்றிய அந்தப் பாட்டை, அவர் ஒப்பந்தத்தில் இருந்த பெரிய கொம்பனி பதிவுசெய்ய மறுத்திருந்தது. தெற்கு மாநிலங்களில் வியாபாரம் கெட்டுவிடும் என்ற பயம். தட்டுச் சேர்ப்பவர்களின் கடை ஒன்று இல்லாவிட்டால் அந்தக் குரல் அந்த வயதில் பதிவாகியிருக்குமா என்பது சந்தேகமே.

இன்னொரு உதாரணம் எமக்கு நெருக்கமானது. பேர்லினில் 1925 இல் சாம் வூடிங்கின் குழுவைக் கேட்டு மயங்கிய அல்பிரட் லயன் என்ற பையன், பின்னாளில் நியூயோர்க் போய்ச்சேர்ந்து 1939 ஜனவரியில் இரண்டு பியானோக்காரர்களைப் பதிவுசெய்தான். அதுதான் 'புளூ நோட்' நிறுவனத்தின் தொடக்கம். அவனுடைய பேர்லின் நண்பன் பிரான்சிஸ் வோல்ஃப், யூதர், அதே வருடக் கடைசியில் தப்பி வந்து சேர்ந்துகொண்டார். அகதிகள் இருவர், உள்ளூர் வியாபாரிகள் ஏறெடுத்துப் பார்க்காத இசையில் கைக்காசைப் போட்டார்கள். ஒத்திகைக்கும் சம்பளம் கொடுத்தார்கள். அந்தத் தொழிலில் அது வழக்கமில்லை. தெலோனியஸ் மொங்க் என்ற பியானோ மேதையை 1947 இல் அவருடைய சொந்தப் பெயரில் முதன்முதலில் பதிவுசெய்தவர்களும் இவர்களே. தட்டுகள் விற்கவில்லை, ஆனாலும் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். நீள்தட்டுகள் வந்த பிறகு புளூ நோட் உறைகளின் முன்பக்கப் படங்கள் உலகப் புகழ் பெற்றன. பித்துப் பிடித்தவர்கள் உறையைத் திருப்பித்தான் பார்ப்பார்கள்: பின்பக்கத்தில் வாத்தியத்தோடு சேர்த்து எல்லாப் பெயரும்.

*

ஒரு பெயருக்காக ஏன் சண்டை பிடிக்கிறார்கள் என்பதற்கு 'கோ-கோ' என்ற தட்டைச் சொல்லவேண்டும். 1945 நவம்பர் 26, சவோய் கொம்பனிக்காக சார்லி பார்க்கர். பீபொப் என்ற புதிய போக்கு முழு வேகத்தில் தட்டில் ஏறிய முக்கிய நாட்களில் ஒன்று. எழுத்தில் இதை விளங்கப்படுத்த இயலாது: அவ்வளவு வேகத்தில் அவ்வளவு ஒழுங்காக ஒருவர் யோசிக்கலாம் என்று அதற்கு முன் தெரியாது. அடியில் ஓடுவது 'செரோக்கி' என்ற பிரபல பாட்டின் சுரக்கூட்டுகள். முதல் தடவை அந்தப் பாட்டின் மெட்டையே வாசிக்கத் தொடங்கி உடனே நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் துண்டும் பிற்பாடு வெளியிடப்பட்டுள்ளது, கேட்கலாம். காரணமாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது, மெட்டை வாசித்தால் பாட்டுக்காரருக்கு உரிமைப்பணம் கட்டவேண்டும் என்பது. சுரக்கூட்டுகளுக்கு உரிமை கிடையாது. ஆக பீபொப் பாட்டுகள் பலவற்றின் பிறப்பில் கலைக் காரணமும் காசுக் காரணமும் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. இதை மறைத்து அழகியல் மட்டும் பேசுவோர் பாதிக் கதைதான் சொல்கிறார்கள்.

அன்றைக்குப் பியானோவுக்கு வரவேண்டிய பட் பவல் வரவில்லை. தட்டில் 'ஹென் கேற்ஸ்' என்ற புனைபெயர் அச்சானது. அது யார்? ட்ரம்பெற் வாசிக்கும் டிசி கிலெஸ்பியா, ஆர்கோன் தோர்ன்ரன் என்ற பியானோக்காரரா? 'கோ-கோ' வில் ட்ரம்பெற் 19 வயது மைல்ஸ் டேவிஸா, கிலெஸ்பியா? பல ஆண்டுகள் இரசிகர்கள் காதை வைத்து வாதாடினார்கள். இன்று பொதுவாக ஏற்கப்பட்டது: 'கோ-கோ' வில் ட்ரம்பெற் கிலெஸ்பி, மைல்ஸ் அல்ல, பியானோ முன் அந்த நாளில் இருந்தது ஒருவரல்ல, கிலெஸ்பியும் தோர்ன்ரனும் இருவருமே. தோர்ன்ரன் பிற்காலத்தில் சாடிக் ஹக்கீம் என்று பெயர் மாற்றிக்கொண்டார். அந்தச் சண்டை இல்லாவிட்டால் ஜாஸ் வரலாற்றின் மிக முக்கியமான நாட்களில் ஒன்றில் அவர் இருந்ததற்கு அச்சில் அடையாளமே இராது.

பதிவே இல்லாமல் போயிருக்கவேண்டியவற்றையும் இரசிகர்கள் காப்பாற்றினார்கள். 1942 ஓகஸ்ட் தொடங்கி அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவுகளைப் பகிஷ்கரித்தது. பெரிய கொம்பனிகள் இரண்டு 1944 நவம்பர்வரை பணியவில்லை. பீபொப் முளைவிட்ட காலம் சரியாக அதுதான். அதற்குச் சற்று முன்பு 1941 இல், ஜெரி நியூமன் என்ற மாணவர் தட்டு வெட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஹார்லெமின் மின்ரன்ஸ் விடுதிக்குப் போனார். கிற்றார் மேதை சார்லி கிறிஸ்ரியன் அங்கே வேலை முடிந்தபின் சுதந்திரமாக வாசிப்பதை நாம் இன்று கேட்பது அவரால்தான். அடுத்த வருடம் காசநோயில் கிறிஸ்ரியன் இறந்தார், வயது 25. ஸ்ரூடியோவின் மூன்று நிமிடத்துக்குள் அடங்காமல், சுற்றுக்கு மேல் சுற்றாக அவர் போவதைக் கேட்கும்போது, அந்த மாணவருக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும்.

இரசிகர்களைக் கோயில் கட்டிக் கும்பிடவும் வேண்டாம். டீன் பெனடெற்றி என்றொரு சக்ஸபோன்காரர் 1947, 48 இல் பார்க்கர் வாசிக்கும் விடுதிகளில் இருந்து பதிவுசெய்தார். பார்க்கர் தனியே வாசிக்கும்போது மட்டும் கருவி ஓடும். அவர் நிறுத்தியதும் கருவியும் நிற்கும். மற்றவர்கள் என்ன வாசித்தார்கள் என்பது போய்விட்டது. பல வருடங்கள் வெறும் வதந்தியாக இருந்த இந்தப் பதிவுகள் 1990 இல் வெளிவந்தபோது உலகம் மகிழ்ந்தது, நியாயந்தான். ஆனால் உரையாடலாக நடந்த ஒன்றில் ஒரு வாயை மட்டும் பதிவுசெய்வது பக்தியின் குணம், கேட்பவரின் குணமல்ல. தனிமனித வழிபாட்டில் ஊறிய எம் போன்ற சமூகத்தவருக்கு இதை அதிகம் விளக்கவேண்டியதில்லை.

சட்டம்பியார்த்தனமும் உண்டு. டெலோனேயின் கூட்டாளி ஊக் பனாசியே, ஐரோப்பாவில் ஜாஸைப் பற்றி நூல் எழுதிய முன்னோடி. வெள்ளைக் கலைஞர்களின் தட்டுகளை முதலில் கேட்டதால் தன் முதல் நூலில் அவர்களுக்கு அளவுக்கு மிஞ்சிய இடம் கொடுத்ததாகப் பின்னர் அவரே எழுதினார். அது அவருடைய நேர்மை. அதே மனிதர் பீபொப் வந்ததும் அது ஜாஸே அல்ல என்று தீர்ப்பு வழங்கினார். அதை வாசித்த கறுப்பின இளைஞர்களுக்குத் தம் இசை எதுவென்று பிரான்சில் இருந்து ஒருவர் சொல்லிக்கொடுத்த வேடிக்கை. 1947 இல் சங்கம் பிளந்தது; டெலோனே புதியவர்களின் பக்கம் போனார்.

பெண்களின் பெயரில் இந்தப் பெயர்ப் பித்தர்கள் காட்டிய கஞ்சத்தனம் தனிக் கட்டுரைக்கு உரியது. அன்டி கேர்க் குழுவின் தட்டுகளில் இசையமைப்பின் முதுகெலும்பு மேரி லூ வில்லியம்ஸ். ராண்டி வெஸ்ரனின் 'உஹுரு ஆஃபிரிக்கா' (1960) என்ற தட்டுக்குப் பெரிய குழுவின் இசையை ஒழுங்கமைத்தவர் ட்ரொம்போன் கலைஞரான மெல்பா லிஸ்ரன். ஆபிரிக்க விடுதலையைப் போற்றும் அத்தட்டைத் தென்னாபிரிக்க நிறவெறி அரசு 1964 இல் தடைசெய்தது. தடை பற்றி எழுதுவோரில் எத்தனை பேர் லிஸ்ரனின் பெயரைச் சொல்கிறார்கள்?

*

இன்று தட்டு, உறை, கடை எல்லாம் அநேகருக்குக் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டன. கேட்பதற்கு இவ்வளவு தாராளம் முன்னெப்போதும் இருந்ததில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாடகைக்கும் ஊருக்கும் காசு அனுப்பிவிட்டு மாதம் ஒரு தட்டுக்கு யோசித்தவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். ஆனால் திரையில் தெரிவது என்ன? ஒரு பெயர், ஒரு தலைப்பு, ஒரு சிறு படம். பல இடங்களில் ஆண்டு என்று போட்டிருப்பது மறுவெளியீட்டின் ஆண்டு. 1945 இல் வாசித்தது 2003 என்று நிற்கும். பேஸ் வாசித்தவரைத் தேடினால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். 1923 இன் வட்டக் கடதாசிக்கு நாம் சுற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறோம் என்பது எனது அபிப்பிராயம்.

அதனால் என்ன நட்டம் என்று கேட்பவருக்குக் கொல்ட்ரேனின் 'அலபாமா' வைப் போட்டுக் காட்டலாம். அது வெளிவந்த தட்டின் பெயர் 'லைவ் அற் பேர்ட்லாண்ட்'. பேர்ட்லாண்ட் ஒரு இரவு விடுதி. ஆகவே சனம் குடித்துக்கொண்டிருக்க மேடையில் வாசித்தது என்று நினைப்போம். அல்ல. அந்தப் பாட்டு ஸ்ரூடியோவில் பதிவானது, 1963 நவம்பர் 18 இல். அதற்கு இரண்டு மாதங்கள் முன்பு, செப்ரெம்பர் 15 இல், அலபாமா மாநிலத்துப் பேர்மிங்ஹாம் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றில் வெள்ளை நிறவெறியர்கள் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். பாட்டில் வார்த்தை ஒன்றும் இல்லை. பியானோ அடியில் உறுமிக்கொண்டே நிற்க, சக்ஸபோன் ஒருவர் எழுந்து நின்று பேசுவது போல விட்டு விட்டு வருகின்றது. இடமும் திகதியும் தெரியாமல் கேட்டால் அது ஒரு சோகமான மெட்டு. அவ்வளவுதான்.

பெயரைப் பிடித்துக்கொண்டு போவதில் இன்னொரு இலாபமும் உண்டு. 'எங்கடை ஆக்கள் யாரும் இருக்கினமோ?' என்ற கேள்வி எம்மிடையே எப்படியும் வரும். இருக்கிறார்கள். விஜய் ஐயர், 1971 இல் அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர். இவரை 'எம்மவர்' என்று பொன்னாடை போர்த்த அவசரப்படுவதைவிட, 2009 இல் வந்த இவருடைய 'ஹிஸ்ரோரிசிற்றி' தட்டை எடுத்துப் பெயர்களைப் பார்ப்பது பிரயோசனம். பேஸ் ஸ்ரெஃபான் கிறம்ப். ட்ரம்ஸ் மார்க்கஸ் கில்மோர். இந்த மார்க்கஸின் பாட்டனார் ரோய் ஹேன்ஸ். 1949 இல் சார்லி பார்க்கரின் குழுவில் சேர்ந்த ட்ரம்ஸ் கலைஞர், 2024 இல் தன் 99 ஆவது வயதில் காலமானவர். அதே தட்டில் 'கலாங்' என்றொரு பாட்டு. அதன் மூலம் எம்.ஐ.ஏ. எனப்படும் மாதங்கி அருட்பிரகாசத்துடையது; யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து 1986 இல் லண்டனுக்கு அகதியாக வந்தவர். ஒரு உறையின் பின்பக்கம் பார்க்கரில் இருந்து எமது அகதிப் பிள்ளை வரைக்கும் கூட்டிக்கொண்டு போகின்றது. முன்பக்கத்து ஒற்றைப் பெயரோடு நின்றிருந்தால் இது தெரியவராது.

எம்முடைய இசையில் இந்த வேலையை யார் செய்தார்கள் என்ற கேள்வியும் கூடவே எழுகின்றது. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975 இல் இறந்தார். கோயில் திருவிழாக்களில் அவர் வாசித்த இரவுகளின் எண்ணிக்கையோடு பார்த்தால் எஞ்சியுள்ள ஒலிநாடாக்கள் சொற்பம். யாரோ ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு விடிய விடிய வீதியில் இருந்ததால் வந்தவை அவை. பிரதிக்கு மேல் பிரதியாகக் கைமாறும்போது எந்தக் கோயில், எந்த வருடம், நாதஸ்வரம் யார், இரண்டாவது தவில் யார் என்ற விபரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. அந்த இரவுகளில் இருந்தவர்கள் இன்னும் சிலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருப்பார்கள். டெலோனே செய்தது போல, நாடாவைப் போட்டுக்காட்டி இது யார் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க இன்னும் கொஞ்சக் காலமே இருக்கின்றது.

நான் கடைசியாகக் கைமாற்றும் தட்டு புளூ நோட் நிறுவனத்துடையதல்ல. 'புளூ நோட்ஸ்' என்ற பெயருள்ள தென்னாபிரிக்கக் குழுவினுடையது. கறுப்பர்களும் ஒரு வெள்ளையரும் சேர்ந்து ஒரே மேடையில் வாசிப்பது நிறவெறிச் சட்டத்தின் கீழ் இயலாமல் போக, 1964 இல் பிரான்சின் இசைவிழா ஒன்றுக்கு வந்தவர்கள் நாடு திரும்பவில்லை. சுவிற்சர்லாந்து வழியாக லண்டன் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ட்ரம்பெற் வாசித்த மொங்கெசி ஃபெசா 1975 டிசெம்பரில் லண்டனில் இறந்துபோனார், வயது முப்பதே. டிசெம்பர் 23, நினைவு நிகழ்வு நடந்த அதே நாளில், மற்ற நால்வரும் ஒரு ஒத்திகை அறையில் கூடி, என்ன வாசிப்பது என்று பேசிக்கொள்ளாமலே வாசிக்கத் தொடங்கினார்கள். ஒலிநாடா ஓடியது. 'புளூ நோட்ஸ் ஃபோர் மொங்கெசி' என்ற பெயரில் அது ஓகுன் என்ற சிறு நிறுவனத்தால் இரண்டு தட்டுகளாக வெளிவந்தது. பாட்டு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒப்பாரி, தேவாலயக் கீதம், கூச்சல், நடனம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. முதல் தடவை முழுவதையும் கேட்கவேண்டாம், ஒரு பக்கம் போதும். அல்ரோ சக்ஸபோன் டுடு புக்வானா. பியானோ கிறிஸ் மக்கிரகர். பேஸ் ஜொனி டியானி. ட்ரம்ஸ் லூயி மொஹோலோ. டியானி 1986 இல் இறந்தார். மக்கிரகரும் புக்வானாவும் 1990 இல், ஒருவருக்குப் பின் ஒருவராக ஒரு மாத இடைவெளியில். மொஹோலோ 2005 இல் ஊர் திரும்பினார்.